இரும்பாரின் இடுப்பில் வடக்கு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் தேடினால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இரும்பார்" என்று கேட்டால் போதும். வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் முதல் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் வரை எல்லாரும் மாடியைக் கைகாட்டுவார்கள். மாடியில் கடைசி அறை இயற்பியல் லேப். அதன் அட்டெண்டர் அவர்.

அந்தப் பெயரை அவர் தன் வாயாலேயே சம்பாதித்துக்கொண்டார். லேப்பில் ஜன்னலோர மேசையில் காயில் என்கிற கம்பிச் சுருளும் காம்பஸும் இருக்கும். அந்தப் பக்கம் யாருடைய தலை தெரிந்தாலும் சரி, "இரும்பு இருக்கா? கையில இரும்பு ஏதாவது இருக்கா?" என்று பாய்ந்து வருவார். சாவி, ஜியாமெட்ரி பாக்ஸ், ஹேர்பின், கைக்கடிகாரம் எல்லாம் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் கூடைக்குப் போயாக வேண்டும். ஒருமுறை தலைமையாசிரியரே லேப்பைப் பார்வையிட வந்தார். அவருடைய சாவிக்கொத்தை வாங்கிக் கூடையில் போட்டதோடு விடாமல், அவருடைய பெல்ட் பக்கிளையும் குனிந்து சந்தேகமாகப் பார்த்தார் இரும்பார். தலைமையாசிரியர் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டிலேயே நடந்து வெளியேறினார். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. இதில் இயற்பியல் டீச்சருக்கு உள்ளூர ஏகப்பட்ட சந்தோஷம்.

தன் விஷயத்திலும் மனிதர் கறார்தான். கண்ணாடிக்கு பிளாஸ்டிக் சட்டம். பெல்ட்டுக்குப் பித்தளைப் பக்கிள். செருப்பில் ஆணி கிடையாது, எல்லாம் நூல் தையல். பேனாகூட கிளிப் இல்லாத பேனா. அதனால் குனியும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து பேனா விழும். பேனாவை எடுக்கக் குனிந்தால் கண்ணாடி விழும். இரண்டையும் பொறுக்கிக்கொண்டு நிமிர்வதற்குள் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிரித்து முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு பாடும் அந்தக் காயிலுக்காகத்தான். பார்த்தால் ஒன்றும் பிரமாதமில்லை. சல்லடை வளையம் அளவுக்கு ஒரு மர வளையம் நிமிர்ந்து நிற்கும். அதைச் சுற்றித் தாமிரக் கம்பி. வளையத்தின் நடுவில் ஒரு சின்னப் பலகை, அதன்மேல் காம்பஸ் பெட்டி. கரண்ட் இல்லாதவரை முள் வடக்கே பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கும். ஸ்விட்சைப் போட்டதும் கம்பிச் சுருளே ஒரு காந்தமாகி முள்ளைப் பக்கவாட்டில் இழுக்கும். பூமி ஒரு பக்கம் இழுக்க, காயில் இன்னொரு பக்கம் இழுக்க, முள் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும், அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மகன் மாதிரி. கரண்ட்டை எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டால் முள்ளும் எதிர்ப்பக்கம் போகும். இடப்பக்கம் எவ்வளவு போனதோ வலப்பக்கமும் அவ்வளவு போக வேண்டும். சமமாக வரவில்லையென்றால் பக்கத்தில் எங்கேயோ இரும்போ காந்தமோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். இல்லாவிட்டால் வளையத்தை வடக்கு தெற்காக ஒழுங்காகத் திருப்பி வைக்கவில்லை என்று பொருள்.

வளையத்தைத் திருப்பி வைப்பது இரும்பாரின் ஏகபோக உரிமை. டீச்சரைக்கூட விடமாட்டார். மேசைமேல் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முள்ளும் வளையமும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை இம்மி இம்மியாகத் திருப்புவார். பிள்ளைகள் வந்து ஸ்விட்சைப் போட்டு அளவு பார்த்தால் போதும், வடக்கு அவர் பொறுப்பு.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மச்சினன் காந்த பெல்ட் விற்கிறான்!

மனைவியின் தம்பி கடைத்தெருவில் ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பழைய ஸ்பீக்கர்களை உடைத்து அதிலிருக்கும் காந்த வளையங்களை எடுத்து, ரெக்சின் பட்டையில் வரிசையாகத் தைத்து, "இடுப்பு வலிக்குக் கைகண்ட காந்தம்" என்று கடை வாசலில் தொங்கவிட்டிருந்தான். விற்பனை அமோகம். இரும்பாருக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். விருந்துக்கு வந்தவனை இலையில் கை வைக்குமுன்பே பிடித்துக்கொள்வார்.

"காந்தம் முள்ளத்தான்டா இழுக்கும், வலிய எப்படிடா இழுக்கும்?"

"மாமா, நீங்க ஒரு தடவை கட்டிப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

"நான் அதக் கட்டினா அன்னிக்கே வேலைய விட்டுட்டுப் போயிடுவேன்!"

இப்படிச் சபதம் போட்ட மனிதருக்குத்தான் பரீட்சைக்கு முந்தைய வாரம் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பேட்டரியைத் தனியாகத் தூக்காதீர்கள் என்று டீச்சர் தலைபாடாகச் சொல்லியும் கேட்காமல் தூக்கினார். தூக்கிய பேட்டரியை வைக்க முடிந்தது, நிமிரத்தான் முடியவில்லை. கேள்விக்குறி மாதிரி வீட்டுக்கு வந்தார். டாக்டரிடம் போகலாம் என்றால், "டாக்டர் படுக்கச் சொல்வார், பரீட்சைக்கு யார் போறது?" என்று அதற்கும் சண்டை.

அவர் சண்டை போட்டதற்கும் காரணம் இருந்தது. அந்த வருடம் பிராக்டிகல் பரீட்சை எழுதுபவர்களில் அவருடைய ஒரே மகளும் ஒருத்தி. போன வருடமே எழுதியிருக்க வேண்டியவள். மஞ்சள் காமாலை வந்து படுத்ததில் வருடம் போயிற்று. கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் தன்னைவிடச் சின்னவர்களோடு அதே பெஞ்சில் மறுபடியும் உட்கார்ந்து படித்தாள். வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் பழைய தோழிகள் தெருவில் வந்தால் கதவுக்குப் பின்னால் நகர்ந்து நிற்பதை இரும்பார் பார்த்திருக்கிறார். இந்த முறையும் போய்விட்டால் அவள் தாங்கமாட்டாள், தன்னாலும் தாங்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

சொந்தக்காரர் பரீட்சை எழுதினால் அட்டெண்டர் அந்த ஹாலில் இருக்கக் கூடாது என்பது விதி. இரும்பார் இதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. புதிதாக வந்த டீச்சருக்கு அவள் யார் மகள் என்று தெரியாது. சொன்னால் தனக்குப் பதிலாக வேதியியல் லேப் அட்டெண்டரைப் போட்டுவிடுவார்கள். அந்த ஆளுக்கு வடக்கு எது, வராந்தா எது என்று தெரியாது என்பது இரும்பாரின் திடமான அபிப்பிராயம்.

"ஹாலுக்குள்ள என்னை அப்பான்னு கூப்பிட்டுடாதம்மா" என்று மகளிடம் சொல்லிவைத்தார்.

"வேற எப்படிக் கூப்பிடறது?"

"கூப்பிடவே கூப்பிடாத. நான் பக்கத்துலயே நிப்பேன். அத நெனச்சுத் தைரியமா இரு."

இந்த நிலைமையில் மனைவி என்ன செய்வாள்? ஆளை டாக்டரிடம் கூட்டிப் போக முடியாது, தம்பியின் பெல்ட்டைக் கட்டச் சொல்ல முடியாது. கட்டிலில் புரண்டு முனகுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது. ஒருநாள் பகலில் தம்பி கடைக்குப் போய் வந்தாள். பழைய போர்வையைக் கிழித்து நான்கு மடிப்பாக ஒரு இடுப்புப்பட்டை தைத்தாள். மடிப்புக்குள் காந்த வளையங்களை வரிசையாக வைத்து, நெருக்கமாகத் தையல் போட்டு மூடினாள்.

"இதென்ன, கட்டி கட்டியா இருக்கு?" என்றார் இரும்பார்.

"கல்லுப்புப் பொட்டலம். சூடு புடிச்சு வெச்சுக்கும்."

"உன் தம்பி சமாச்சாரம் ஒண்ணும் இல்லையே?"

"உப்புங்க! அதுலயும் சந்தேகமா?"

உப்பு என்றதும் மனிதர் மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டார். இறுக்கிக் கட்டியதாலோ என்னவோ, மறுநாளே ஓரளவு நிமிர்ந்தார். அந்த மட்டில் மனைவிக்கு மனசு நிறைந்தது.

அதற்கப்புறம் வீட்டில் சில விநோதங்கள் நடந்தன. சமையலறையில் அவர் பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டு நகர்ந்தால் தோசைத்திருப்பி காணாமல் போகும். மனைவி பின்னாலேயே ஓடி, சட்டைக்கு மேல் ஒட்டியிருக்கும் திருப்பியை அவருக்குத் தெரியாமல் பிய்த்து எடுப்பாள். பஸ்ஸில் இரும்புக் கம்பியில் சாய்ந்து நின்றவர், இறங்க வேண்டிய இடம் வந்ததும் நகரமுடியாமல் ஒரு முக்கு முக்கி விடுபட்டார். இடுப்பு இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் முழுக்க இரும்பைத் தேடுகிற மனிதருக்குத் தன் முதுகைத் தேடிப்பார்க்கத் தோன்றவில்லை.

பரீட்சையன்று காலை முதல் ஆளாக வந்து காயிலைத் துடைத்தார். மேசைமேல் குனிந்தார். முள் திரும்பி அவர் வயிற்றுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. பரவாயில்லை, இன்றைக்கு வடக்கு இதுதான் போல என்று முள்ளுக்கு நேராக வளையத்தைத் திருப்பி வைத்தார். அப்படியாக அன்றைய வடக்கு, அவர் இடுப்பு இருந்த திசையில் ஸ்தாபிக்கப்பட்டது.

அவர் ஒயர் எடுக்க அந்தப் பக்கம் போனதும் டீச்சர் வந்து பார்த்தார்.

"என்ன, முள்ளு நேரா இல்லையே?"

இரும்பார் ஓடிவந்து குனிந்தார். முள்ளும் ஓடிவந்து நேரானது.

"சரியாத்தானே டீச்சர் இருக்கு!"

டீச்சர் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல முள், யார் பார்த்தால் நிற்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறது என்று இரும்பாருக்குப் பெருமை.

வெளியிலிருந்து வரும் தேர்வாளரை எல்லாரும் எக்ஸ்டர்னல் என்பார்கள். அன்று வந்தவர் ஒல்லியாக, ஜலதோஷத்தோடு இருந்தார். சத்தமே போடமாட்டார். தாழ்ந்த குரலில் பேசுவார், அதனாலேயே பிள்ளைகளுக்கு அவரிடம் பயம். சீட்டு எடுக்கச் சொன்னார். இரும்பாரின் மகள் எடுத்த சீட்டில் காயில் வந்தது. இரும்பார் துள்ளிக் குதிக்காததற்கு இடுப்பு மட்டும்தான் காரணம்.

மகள் மேசைக்கு வந்தாள். அப்பா இரண்டடி தள்ளி, ஒயர்களைச் சரிசெய்கிற பாவனையில் நின்றுகொண்டார். அவள் ஸ்விட்சைப் போட்டாள். முள் இடப்பக்கம் பாய்ந்து போய் நின்றது. கரண்ட்டைத் திருப்பினாள். வலப்பக்கம் அரைமனசாகக் கொஞ்சம் போய் நின்றுவிட்டது. அவள் நெற்றியைச் சுருக்கினாள். மறுபடி போட்டாள். மறுபடியும் அப்படியேதான். மகள் முகம் வாடியதை அப்பா பார்த்தார். கிட்டே வந்து எட்டிப்பார்த்தார். கிட்டே வந்ததும் முள் இன்னும் மோசமானது.

'எவனோ இரும்பு கொண்டாந்திருக்கான்!' என்று முடிவு கட்டினார் இரும்பார்.

அதன்பிறகு அந்த ஹாலில் நடந்ததை அங்கிருந்த பிள்ளைகள் பேரன் பேத்திகளுக்குச் சொல்வார்கள். முதலில் மூலையிலிருந்த எக்ஸ்டர்னலின் குடை வெளியே போனது. அப்புறம் டீச்சரின் சேலையில் குத்தியிருந்த ஊக்கு. "இரும்பு இருக்கா?" என்று ஒவ்வொரு மேசையாகக் கேட்டு, வாசலில் சோதித்து அனுப்பிய பிள்ளைகளையே மறுபடியும் சோதித்தார். முதல் பெஞ்சுப் பையன் பல்லில் கட்டியிருந்த கம்பியைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டே பரீட்சை எழுதச் சொன்னார். ஜன்னல் கம்பியைக் கழற்ற முடியுமா என்று ஆட்டிப் பார்த்தார். கடைசியில் மூலையில் இருந்த இரும்பு பீரோவுக்கு முதுகைக் கொடுத்து வராந்தாவுக்குத் தள்ளினார். பீரோ சுலபமாக நகர்ந்தது. அதைவிட்டு இவர் நகர்வதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

"என்ன நடக்குது இங்க?" என்றார் எக்ஸ்டர்னல், தும்மலுக்கு நடுவில்.

"இரும்பு சார். எங்கேயோ இருக்கு. விடமாட்டேன் சார்."

ஒவ்வொன்றையும் வெளியேற்றிவிட்டு மகள் மேசைக்கு வந்து நிற்பார். முள் அவரைப் பார்த்து ஆடும். அவர் அடுத்த இரும்பைத் தேடி ஓடுவார். முள் மெல்ல விலகிப் போகும். மகள் அளவெடுப்பதை நிறுத்திவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வலப்பக்கம் போனால் முள் வலப்பக்கம் சாய்ந்தது, இடப்பக்கம் போனால் இடப்பக்கம். அவர் மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பியபோது, யாரோ கரண்ட்டையே திருப்பிவிட்டது போல முள் அப்படியே எதிர்ப்பக்கம் ஓடியது. அவளுக்குத் தோசைத்திருப்பி ஞாபகம் வந்தது. மாமா கடைக்குப் போய்விட்டு அம்மா மூட்டையோடு வந்ததும் ஞாபகம் வந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து எக்ஸ்டர்னல் வந்து நின்றார். அவள் எழுதியிருந்த அளவுகளைப் பார்த்தார்.

"ஏம்மா, இடப்பக்கம் இவ்வளவு போயிருக்கு. வலப்பக்கம் பாதிகூட வரல. ஏன்?"

"பக்கத்துல காந்தம் இருக்கு சார்."

"எங்க இருக்கு?"

சொன்னால் அப்பாவின் குட்டு உடையும், பரீட்சையே ரத்தாகலாம். சொல்லாவிட்டால் அளவு தப்பு, மார்க் போகும், இன்னொரு வருடமும் போகும். எக்ஸ்டர்னலின் முதுகுக்குப் பின்னாலிருந்து இரும்பார் ஜன்னல் கம்பியைக் காட்டிக் காட்டி ஜாடை செய்தார். ஜன்னல் கம்பிமேல் பழியைப் போடு என்று அர்த்தம்.

"அது ஒரே இடத்துல இல்ல சார்" என்றாள் மகள். "நடமாடுது."

"காந்தம் நடமாடுதா? யாரும்மா அது?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "எங்கப்பா சார்."

ஹாலில் ஒரு பென்சில்கூட நகரவில்லை. "எந்த அப்பா?" என்று எக்ஸ்டர்னல் சுற்றிலும் பார்த்தார். இரும்பார் மட்டும் சத்தமில்லாமல் பூனை நடையாகக் கதவுப் பக்கம் நழுவப் பார்த்தார். அவர் நகர நகர காம்பஸ் முள்ளும் அவரைக் காட்டிக்கொண்டே கூடத் திரும்பியது. எக்ஸ்டர்னல் முள்ளைப் பார்த்தார், முள் காட்டிய ஆளைப் பார்த்தார்.

"நீங்கதானா?"

அப்புறம் அவர் செய்த சோதனை இருக்கிறதே! "இப்படி வாங்க. அங்க போங்க. திரும்பி நில்லுங்க. இன்னும் கிட்ட" என்று அந்தத் தாழ்ந்த குரலிலேயே இரும்பாரை மேசையைச் சுற்றி வலம் வரவைத்தார். முள்ளும் தட்டாமாலை சுற்றியது. பிள்ளைகள் பரீட்சையை மறந்து பெஞ்சில் ஏறி நின்றார்கள்.

"இரும்பு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

தன்னைப் பார்த்து ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்கும் நாளும் வரும் என்று இரும்பார் கனவிலும் நினைத்ததில்லை. பையைத் துழாவிப் பேனாவைக் காட்டினார். கண்ணாடியைக் காட்டினார். செருப்பைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டினார்.

"இடுப்புல என்ன கட்டியிருக்கீங்க?"

"உப்பு சார்."

"உப்பா?"

"கல்லுப்பு சார். வலிக்கு."

எக்ஸ்டர்னல் வாசல் கூடையில் கிடந்த குண்டூசி டப்பாவை எடுத்துத் திறந்து அவர் முதுகுப் பக்கம் நீட்டினார். டப்பாவிலிருந்த ஊசிகள் அத்தனையும் ஒரே தாவாகத் தாவிச் சட்டையில் அப்பிக்கொண்டன. முள்ளம்பன்றி மாதிரி நின்றார் இரும்பார். பல்லில் கம்பி கட்டிய பையன், வாயைத் திறக்கக் கூடாது என்பதையும் மறந்து சிரித்துவிட்டான். அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. எக்ஸ்டர்னலே தும்முகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரும்பார் வராந்தாவில் போய்ப் பட்டையை அவிழ்த்துத் தையலைப் பிரித்தார். உள்ளேயிருந்து கன்னங்கரேலென்று வளையம் வளையமாக வந்தன. ஒன்றில் மச்சினன் கடை ஸ்டிக்கர்கூட இன்னும் உரியாமல் இருந்தது. இரும்பாருக்குக் காதெல்லாம் சுட்டது. அத்தனையையும் படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, சட்டையிலிருந்த ஊசிகளைத் தட்டிக்கொண்டு நேராக உள்ளே வந்தார்.

"இப்ப நான் சுத்தம் சார். காயில முதல்லேர்ந்து வச்சுக் குடுத்துடறேன். பொண்ணு மறுபடி அளவெடுக்கட்டும்."

எக்ஸ்டர்னல் கைக்குட்டையை எடுத்தார்.

"காந்தம் போயிடுச்சு. அப்பா இன்னும் போகலையே."

"சார், நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்க மாட்டேன் சார். சும்மா பக்கத்துல..."

"பக்கத்துல நிக்கறதுதாங்க பிரச்சனை. இரும்பத் தள்ளி வைன்னு எதுக்கு விதி? முள்ளு தானா நிக்கட்டும்னுதானே? சொந்தக்காரங்க உள்ள வரக்கூடாதுங்கறதும் அதுக்குத்தான்." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு உண்மையச் சொன்னா. அதனால பரீட்சைய நிறுத்தல. காயில வைக்கறதுலேர்ந்து எல்லாத்தையும் அவளே பண்ணட்டும். நீங்க கேட்டுக்கு வெளிய போய் நில்லுங்க."

"காயில வைக்கறதா? அவளா? அது நான்தான் சார் எப்பவும் வைப்பேன். அவ ஒரு தடவைகூட..."

"நீங்க வச்ச வடக்க இன்னிக்குப் பாத்தாச்சு" என்றார் எக்ஸ்டர்னல்.

மகள் தலைநிமிரவில்லை. இரும்பார் அவளைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வெளியே வந்தார். எதிரே, கூப்பிட்டனுப்பிய வேதியியல் அட்டெண்டர் இரும்புச் சாவிக்கொத்து குலுங்க உள்ளே போய்க்கொண்டிருந்தார். "சாவியக் கூடைல போடுய்யா!" என்று கத்தத்தான் முடிந்தது.

கேட்டுக்கு வெளியே, படிக்கட்டுக்குக் கீழிருந்து எடுத்துவந்த காந்த மூட்டையோடு நின்றவரை வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்தார். இரும்பார் அவருடைய போனை வாங்கி வீட்டுக்குப் பேசினார்.

"உப்புன்னு சொன்னியே!"

"கட்டினப்புறம் வலி இருந்துச்சா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க" என்றாள் மனைவி.

"அது இல்ல இப்ப விஷயம்."

"இருந்துச்சா இல்லையா?"

"...இல்ல."

"அப்புறம் என்ன?"

"இறுக்கிக் கட்டினதாலடி போச்சு! வெறுந்துணியக் கட்டியிருந்தாலும் போயிருக்கும்!"

"வெறுந்துணிய நீங்க கட்டியிருப்பீங்களா? பொண்ணு எப்படிப் பண்றா, அதச் சொல்லுங்க."

இரும்பார் மாடிப் பக்கம் பார்த்தார். "தனியா இருக்கா" என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பட்டை போன இடுப்பில் வலி திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. அது அவருக்குப் பொருட்டாகவே இல்லை. வளையத்தை அவள் தொட்டதே கிடையாது. ஆசையாக ஒருமுறை கை நீட்டியபோதுகூட, "நகரு, கலைச்சுடுவ" என்று தட்டிவிட்டவர் இவர்தான். இப்போது முதல் தடவையாக, எல்லாரும் சிரித்து முடித்த ஹாலில், ஒரு எக்ஸ்டர்னலின் கண்ணெதிரில் அவள் அதைத் திருப்ப வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் இடமும் வலமும் சேராது. அந்த நினைப்பில் இரும்பாரின் கைகள் அவரையறியாமல் காற்றில் ஒரு வளையத்தைப் பிடித்து, இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தன. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"என்னங்க, பஸ் ஓட்டறீங்களா?" என்றார் வாட்ச்மேன்.

"பேசாம இருய்யா, கலைஞ்சுடும்!"

வாட்ச்மேன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். இவரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாவம் என்பது போல ஒதுங்கிப் போனார்கள். எல்லாரும் போனபிறகு, கடைசியாக மகள் வந்தாள். கண் சிவந்திருந்தது. அது அழுததாலா, உற்று உற்று முள்ளைப் பார்த்ததாலா என்று அவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கேட்க வேண்டியது நெஞ்சுமுட்ட இருந்தது. வாயில் வந்தது வேறு.

"தண்ணி குடிச்சியாம்மா?"

அவள் தலையாட்டினாள். அவர் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள். கனத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவையுமா கட்டிக்கிட்டு நடந்தீங்க?" என்றாள்.

இரும்பார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு வந்துச்சுப்பா" என்றாள் அவள். "எக்ஸ்டர்னல் ரெண்டு தடவை பாத்துட்டு, நல்லா வச்சிருக்கேன்னு சொன்னார்."

இரும்பாருக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் குனிந்து, விழாத பேனாவைத் தரையில் தேடினார்.

"நீங்க போனதும் முள்ளு ஆடாம நின்னுடுச்சுப்பா" என்றாள் மகள். "எனக்குத்தான் கை ஆடிக்கிட்டே இருந்துச்சு."